பிழியாமல் வந்த வார்த்தை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் செலீன் பிழியாத பொருள் கிடையாது. விடியற்காலையில் இடியப்பம் பிழிவாள். அது அவிகிற நேரத்தில் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிவாள். சம்பலுக்குத் தேசிக்காய், பின்னேரம் நாலு வீட்டு உடுப்பு. துறைமுகத்தில் மூட்டை சுமந்த புருஷன் காய்ச்சலில் கண்ணை மூடியபோதுகூட அவன் நெற்றியில் போட ஈரத்துணிதான் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் உடுப்புத் தோய்த்துக் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் அவளைப் பிழிந்தெடுத்தார்கள். அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளுக்கு இருந்த ஒரே செருக்கு தன் இடியப்பம்தான். அது நூல்போல இருக்கும் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

அந்தச் செருக்குத்தான் அவளைக் கவிழ்த்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. பக்கத்து ஒழுங்கையில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, யாழ்ப்பாணத்தில் படிப்பித்த அருந்ததி ரீச்சரும் புருஷன் இராசரத்தினமும் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு நாளுக்கு இருபது இடியப்பம். ஒரு திங்கட்கிழமை ரீச்சர் படியில் நின்று, "அக்கா, இனி நாப்பது கொண்டு வாங்கோ" என்றாள். செலீன் ஏன் என்று கேட்கவில்லை. வியாபாரம் இரட்டிப்பானால் யார் ஏன் என்று கேட்பார்கள்?

மூன்றாம் நாள் விளங்கியது. ரீச்சர் குளித்துக்கொண்டிருந்தாள் போல. கதவு ஒரு சாண் திறந்தது, ஒரு கை மட்டும் வெளியே வந்து கூடையை வாங்கியது. இளம் பெடியனின் கை. மணிக்கட்டில் கறுப்பு நூல், கடித்துக் கடித்துக் குட்டையான நகங்கள். "தாங்ஸ் அக்கா" என்று மெல்லிய குரல். கதவு சாத்திக்கொண்டது.

சண்டை நடந்த நாட்கள்; கொழும்பில் தமிழர் வீட்டில் தங்குகிற ஒவ்வொருவரின் பெயரையும் பொலிசில் பதிந்திருக்க வேண்டிய காலம் அது. பதியாத ஆள் பிடிபட்டால் கேள்வி கேட்பார் இல்லை. செலீனுக்கு இது தெரியாதா? அவளுடைய பதிவுத் துண்டே திருஇருதயப் படத்துக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்தது. எல்லாம் தெரியும். அதுதான் கொடுமை.

பெடியன் வந்து ஒன்பதாம் நாள், வழக்கமாக இடியப்பம் வாங்கும் பொலிஸ்காரன் ஒருவன் வாசலுக்கு வந்தான். நல்ல பிள்ளைதான், அவளை "அக்கே" என்று கூப்பிடுவான். பத்து கேட்டான்.

"பத்தா? பத்து யாருக்குக் காணும் மல்லி?" என்றாள் செலீன், அவனைத் தம்பி முறை வைத்து, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில். "அங்க மேல்மாடி ரீச்சர் வீட்டில ரெண்டே ரெண்டு பேர். நாளுக்கு நாப்பது வாங்குகினம்! என்ர கை ருசி அப்பிடி."

அவன் சிரித்தான். இருபது வாங்கிக்கொண்டு போனான். செலீனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கேள்வி கேட்டுப் பிழிந்திருந்தால் அவளிடமிருந்து ஒரு சொட்டும் வந்திராது. அவள் அப்படிப்பட்டவள். ஆனால் ஒருவரும் பிழியவில்லை. தானாகவே கொட்டினாள்.

அடுத்தநாள் மத்தியானம் தோய்த்த உடுப்போடு வரும்போது ஒழுங்கை வாயிலில் ஜீப் நின்றது. பெடியனின் தலையைச் சாரத் துணியால் மூடி ஏற்றினார்கள். முகத்தை அப்போதும் காணவில்லை. பின்னால் கட்டியிருந்த கையில் கறுப்பு நூலைக் கண்டாள். தான் சொன்னது அந்தக் கணத்தில்தான் அவளுக்கு உறைத்தது. 

இராசரத்தினம் ஏறாத படியில்லை. போன இடமெல்லாம், அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கை வந்தது. விடியற்காலை செலீன் சட்டிக்குள் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் விரல்களுக்கு நடுவில் இன்னொரு விரல் அகப்பட்டது. குளிர்ந்த விரல், குட்டை நகம். சட்டியை உதறிவிட்டுப் பார்த்தாள். பூவும் பாலும்தான் சிதறிக் கிடந்தன. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அவள் செபமாலை சொல்லிப் பார்த்தாள், தீர்த்தம் தெளித்துப் பார்த்தாள். பெடியன் செத்துப்போனான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கோயிலில் அவன் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுத்தால்தான் அவனுக்கும் அமைதி, தனக்கும் அமைதி என்று நினைத்தாள்.

பூசைக்குப் பெயர் வேண்டும். பெயர் ரீச்சருக்குத்தான் தெரியும். ஏன் கேட்கிறாய் என்று ரீச்சர் கேட்டால் என்ன சொல்வது? இந்த ஒன்றிலேயே ஒரு மாதம் போனது. இடியப்பக் கூடையோடு படியேறுவாள், வாயைத் திறப்பாள், சம்பலைப் பற்றிக் கதைத்துவிட்டு இறங்குவாள். இருபதுக்கு இறங்கிவிட்ட அந்தக் கூடையின் பாரம் கையை விட்டுப் போகவே இல்லை.

கடைசியில் ஒருநாள் கூடையை வைத்துவிட்டுச் சொன்னாள். நாப்பது, பொலிஸ்காரன், கை ருசி, எல்லாம். சொல்லும்போது சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தபடியே நின்றாள்.

அருந்ததி ரீச்சர் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

"அவன் என்ர தம்பி," என்றாள். "கேதீசன். பூசையைச் சொல்லுங்கோ. ஆனா செத்தவையோட சேர்த்து எழுதுவிச்சியள் எண்டால் நான் உங்களை மன்னிக்கமாட்டன்." பிறகு கதவைச் சாத்தினாள்.

கோயில் கந்தோரில் பூசைக் கருத்து எழுதுகிறவர் நிக்கலஸ். இரண்டு கொப்பி வைத்திருப்பார். பெயரைக் கேட்டதும் பேனையைத் தூக்கிக்கொண்டு, "இருக்கிறவரோ, மரித்தவரோ?" என்றார்.

செலீன் இரண்டு கொப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். விடிய அகப்பட்ட விரலின் குளிர் இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

"இருக்கிறார்," என்றாள்.

"என்ன மன்றாட்டு?"

"வீட்டுக்கு வந்து சேர வேணும் எண்டு எழுதுங்கோ."

சொல்லி முடித்ததும் உள்ளங்கையைச் சீலையில் அழுத்தித் துடைத்தாள். அவன் நாள் தவறாமல் வந்துகொண்டுதான் இருக்கிறான், அக்காவின் வீட்டுக்கு அல்ல.