எல்லாம் வித்துப் போச்சு

தெருவில் என் அத்தானுக்குத் ‘தலையங்கம்’ என்று பெயர். பேப்பர் கடை வைத்திருப்பவர் பேப்பரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும். அத்தானால் அது முடியாது. பேப்பரை மடித்துக் கையில் தரும்போதே அதில் உள்ள செய்தியைப் பற்றித் தன் கருத்தையும் சேர்த்துத் தந்துவிடுவார். பஸ்ஸுக்கு ஓடுகிறவரைக்கூட விடமாட்டார்.

அவர் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் தாள் பறக்கும். பெரிய கடை ஒன்றும் இல்லை. முன்னால் சாய்வாக ஒரு மேடை, அதில் தினசரிகள். தலைக்கு மேலே கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்ட வாரப் பத்திரிகைகள். உள்ளே ஒரு ஸ்டூல், அதற்குப் பின்னால் விற்காமல் நின்றதைக் கட்டி வைக்கும் மூலை. காலையில் என் அக்கா வந்து கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு தினசரிக்குள்ளும் இணைப்பைச் செருகிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அவள் கைவேகம் அத்தானுக்கு வராது. இதைச் சொன்னால் அவர் முகம் சுருங்கும். அதற்காகவே நான் அடிக்கடி சொல்வேன்.

அத்தானுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. தான் விற்கும் பத்திரிகையில் தன் பெயர் வர வேண்டும். வியாழக்கிழமை வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் வாசகர் ஜோக்குகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதற்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றுகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஜோக்கை எழுதி முடித்ததும், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இரண்டு வரி விளக்கமும் எழுதுவார். படிப்பவனுக்குப் புரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பார். ஆனாலும் வியாழக்கிழமை கட்டு வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார். பிறகு கொஞ்ச நேரத்துக்கு அவரிடமிருந்து தலையங்கம் எதுவும் வராது.

அப்படி ஒரு வியாழக்கிழமை, கட்டைப் பிரித்த அக்கா, “ஏங்க, இங்க பாருங்களேன்” என்றாள். நானும் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஜோக் பக்கத்தில் அக்காவின் பெயர்.

‘உலகத்தில் எந்த மூலையில் எது நடந்தாலும் என் கணவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவது மட்டும் தெரியாது. யாராவது அதைப் பேப்பரில் போட்டால் தேவலை.’

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, என்னவென்று கேட்டு, அவரும் சிரித்தார்.

“சும்மா எழுதிப் போட்டேங்க. போடுவாங்கன்னு நெனைக்கவே இல்ல” என்றாள் அக்கா.

“ஓ” என்றார் அத்தான்.

குழாயைப் பற்றி எழுதிவிட்டாளே என்று கோபப்பட்டிருந்தால் நானே சமாதானம் சொல்லியிருப்பேன். அது அவருக்கு உறைக்கவே இல்லை. முதல் தடவை எழுதியதுமே வந்துவிட்டதே, அதுதான் பொறுக்கவில்லை. பொறாமை. அதற்கு வேறு கௌரவமான பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

“சாயந்திரம் வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வாங்க. பத்திரமா வெச்சுக்கணும்” என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். வீட்டில் உலை வைத்துவிட்டு வந்திருந்தாள். சாயந்திரம் புத்தகமே வரப்போகிறதே என்று நானும் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

சாயந்திரம் அத்தான் வெறுங்கையோடு போனார். “எல்லாம் வித்துப் போச்சு” என்றாராம்.

“எல்லாமா?” என்று கேட்டுவிட்டு, “போகுது, நாலு பேர் படிச்சா சரி” என்றிருக்கிறாள் அக்கா. மறுநாள் என்னிடம் இதைச் சொன்னபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் பெரிய குடையை விரித்துப் பத்திரிகை விற்கும் குடைக்காரரிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கேயும் தீர்ந்துவிட்டதாம். யாரிடமாவது வாங்கித் தரட்டுமா என்றேன்.

“என் பேர் வந்ததை நானே ஊரெல்லாம் கேட்டுட்டு அலையறதா? விடுடா” என்று கூச்சப்பட்டாள்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து எங்கள் கடைக்கு அந்தப் பத்திரிகை வரவில்லை. ஏஜென்ட் நிறுத்திவிட்டார் என்றார் அத்தான். ஆனால் குடைக்காரரிடம் வாங்கிப் படித்தவர்கள் தினசரி வாங்க இங்கேதானே வர வேண்டும்? “என்னங்க, குழாய் சரியாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தினமும் பேப்பர் வாங்க வரும் பல் டாக்டர் ஒரு படி மேலே போய், “உங்க வீட்டம்மாவுக்கு நல்ல எழுத்து வருதுங்க” என்றார். அன்றைக்கு அத்தான் அவருக்கு வேறு யாருடைய பேப்பரையோ கொடுத்து அனுப்பினார். வீட்டிலும் அக்காவோடு பேச்சு குறைந்தது. குழம்பில் உப்பு அதிகம் என்பார். விளக்கை ஏன் அணைக்கவில்லை என்பார். குழாயின் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டார். அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

இப்படியே பல வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை பல் டாக்டர் வந்து, “ஜோக் பிரமாதம்” என்றார்.

அத்தான் வெடித்துவிட்டார். “இன்னும் எத்தனை நாளைக்குங்க அந்தக் குழாயையே பிடிச்சுத் தொங்குவீங்க?”

“குழாயா? இது உங்க ஜோக்குங்க. உங்க பேர் போட்டிருக்கே. பாக்கலையா?”

அத்தான் தலைக்கு மேலே இருந்த கயிற்றைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். ஊரில் உள்ள பத்திரிகையெல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் குடைக்காரரிடம் ஓடினார். நான் இரண்டு கடையையும் பால்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

“தீர்ந்துபோச்சே அண்ணே” என்றார் குடைக்காரர். “உங்க வீட்டம்மா கடை திறந்ததுமே வந்து ரெண்டு வாங்கிட்டுப் போனாங்களே.”

வீட்டில் அக்கா இரண்டு பிரதிகளையும் மேசையில் விரித்து வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வந்துட்டீங்களா? நானே கடைக்குக் கொண்டு வரலாம்னு இருந்தேன்.”

அத்தான் நின்றபடியே படித்தார்.

‘வாடிக்கையாளர்: இன்னிக்குப் பேப்பர்ல என்ன விசேஷம்? கடைக்காரர்: வாங்கினா ரெண்டு பேருக்கும் தெரியும். வாங்காட்டி எனக்கு மட்டும் தெரியும்.’

கீழே அவர் பெயர். அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

“இது நான் பழைய டைரியில எழுதி வெச்சதாச்சே. கடைசி ரெண்டு வரி எங்க?”

“நான்தான் எடுத்துட்டேன். அது இல்லாமலே சிரிப்பு வந்துச்சு” என்றாள் அக்கா. “என்னோடது வந்ததிலிருந்து உங்க மூஞ்சி நல்லாவே இல்ல. அதான் எழுதி அனுப்பினேன். எந்த வாரம் வரும்னு தெரியாதே, நம்ம கடைக்கும் வரதில்ல. வாராவாரம் குடைக்காரர்கிட்ட போய்ப் புரட்டிப் பாத்துட்டே இருந்தேன். என்னோடதுதான் கைக்குக் கிடைக்காம போச்சு, உங்களோடதாவது தப்பக் கூடாதுன்னு முதல் ஆளா போய் நின்னேன்.”

அத்தான் உட்கார்ந்துவிட்டார். சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

“அன்னிக்கு ஒண்ணுகூட விக்கல” என்றார்.

“என்னைக்கு?”

“உன்னோடது வந்த அன்னிக்கு. போன வாரம் விக்காம நின்னதை எடுக்க வண்டி வந்துச்சு. அதோட சேத்து அந்தக் கட்டையும் திருப்பி அனுப்பிட்டேன். ஏஜென்ட் போன்ல கேட்டார். அது இங்க ஓடாது, இனிமே அனுப்பாதீங்கன்னு நான்தான் சொன்னேன். நம்ம பங்கைக் குடைக்காரருக்குக் கொடுத்துட்டார்.”

அக்கா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எனக்குன்னு ஒண்ணுகூட எடுத்து வைக்கலையா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்ல.”

அவள் ஒரு பிரதியை அவர் மடியில் வைத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள். கயிற்றில் நடுவாகப் பார்த்து, ஜோக் பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். அதற்குத்தான் இரண்டாகவே வாங்கியிருக்கிறாள்.

குழாயை அத்தான் அன்றைக்கே சரிசெய்துவிட்டார். ஏஜென்டிடம் போய்க் கேட்டார். திரும்பி வந்ததெல்லாம் எப்போதோ காகிதக் கூழாகப் போய்விட்டது என்றார்கள். இப்போது யாராவது கயிற்றில் தொங்குவதைப் படித்துவிட்டுச் சிரித்தால் அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். தெருவில் பழைய பேப்பர்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால், “மாப்ளே, கடையைப் பாத்துக்கோ” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடுகிறார். வண்டியை நிறுத்தி, மூட்டையை அவிழ்த்து, நடுத்தெருவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அட்டையைப் பார்க்கிறார். அந்த வாரத்துப் புத்தகம் இன்னும் கிடைக்கவில்லை.