சாமிக்கண்ணுவின் முதுகு

உலகத்தில் உள்ள ஓவியங்களில் பாதியை நான் பார்த்திருக்கிறேன். சரி, பாதி என்பது கொஞ்சம் கூடுதல். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு கூடம். அதுவும் மழைக்கு ஒதுங்கியபோது. ஆனால் எங்கள் பாகூர் தெருவுக்கு அதுவே பெரிய படிப்பு. அதனால்தான் சாமிக்கண்ணுவின் கருமாதி அன்று என்னைக் கூப்பிட்டு ஓர் ஓவியத்தின் முன்னால் உட்காரவைத்தார்கள்.

சாமிக்கண்ணு கரும்பு போட்டவன். மாட்டிடம் பேசியதில் கால்வாசிகூட மனிதர்களிடம் பேசியிருக்க மாட்டான். வீட்டில் சண்டை என்றால் ஏரிக்கரைப் பனைமரத்தடிக்குப் போய்விடுவான். பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்து, "கொழம்பு இன்னா?" என்பான். அதுதான் சமாதானம். கடைசிச் சண்டையன்று திரும்பவில்லை. மரத்தடியிலேயே மாரடைப்பு. "போயி ஏரியிலயே கெட" என்று அவன் பெண்டாட்டி உமையாள் காலையில் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. அதன்பிறகு அவள் குழம்பு வைக்கவில்லை.

அவன் செத்த அன்று காலை ஏரிக்கரையில் படம் வரைந்துகொண்டிருந்த அரியாங்குப்பத்துப் பெண் அனுப்பிரியா, செய்தி கேள்விப்பட்டு அதைக் கருமாதிக்குக் கொண்டுவந்திருந்தாள். பெரிய ஏரி, ஒற்றைப் பனை, அதனடியில் சின்னதாக ஒரு முதுகு.

"கோவமா இருந்தாராம்மா?" என்று உமையாள் கேட்டாள்.

"பின்னாலேர்ந்துதான் பாத்தேன் ஆண்ட்டி. மொகம் தெரியல."

உமையாள் என் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லு பெரிம்மா. படிச்சவதான நீ?"

முதுகைப் பார்த்து மனதைச் சொல்ல எந்தப் பள்ளியிலும் கற்றுத் தரவில்லை. இருந்தாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். அவன் தோளில் நீலமாக ஒரு தீற்றல் தெரிந்தது. போதும், பிடித்துக்கொண்டேன்.

"இதோ பாருடி. ஏரியோட நீலம் தோள் வரிக்கும் ஏறியிருக்கு. இப்படி வரைஞ்சா, மனசு தண்ணி மாதிரி அடங்கிட்டுதுன்னு அர்த்தம். வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் வரைவாங்க. உன் புருஷன் கொழம்பு இன்னாவா இருக்கும்னுதான் யோசிச்சிக்கினு இருந்திருக்கான்."

அனுப்பிரியா வாயைத் திறந்தாள். நான் முறைத்ததில் மூடிக்கொண்டாள்.

உமையாள் படத்தருகே நகர்ந்தாள். அந்த நீலத்தின் மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமலே சொன்னாள்.

"இது ஏரி இல்ல பெரிம்மா. என் பழைய பொடவ. அன்னிக்கிக் காலயில தோள்ல போட துண்டு குடுன்னு கேட்டாரு. இதக் கிழிச்சி மூஞ்சில வுட்டெறிஞ்சேன்... அதப் போட்டுகினுதான் போயிருக்காரு."