ஐஸ் பெட்டியில் வந்த மூச்சு

நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பொத்தேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, மூக்கிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. மறைமலைநகரில் என் வீட்டுப் பக்கம் இதை யாரிடம் சொன்னாலும், "அப்டியா? ரெண்டு நாளா இருமலு, இன்னா மாத்திர போடலாம்?" என்றுதான் கேட்பார்கள். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது, வெந்நீர் குடிக்கச் சொல்லிவிட்டுக் கோபப்படுகிறேன்.

நாங்கள் பார்ப்பது அரிய நோய்கள். அதில் ஒன்றுக்கு என் பாதி வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறேன். மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிகள் இருக்கின்றன. வீட்டைப் பெருக்குகிற மாதிரி அவை ஓயாமல் அசைந்து, சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த முடிகள் அசைவதில்லை. சளி உள்ளேயே தங்கி நெஞ்சைக் கெடுக்கும். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும்.

எங்களிடம் வந்தவர்களில் அப்படி ஒருத்தி, முட்டுக்காட்டில் படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, சாலையோரம் நண்டும் இறாலும் விற்பவள். முதல் தடவை எங்கள் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை இடப்பக்கம் வைத்தபோது, "அங்க ஒண்ணும் கெடைக்காது சார், இந்தாண்ட வெய்யுங்க" என்று அவளே இழுத்து வைத்தாள். அந்த நிமிடமே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. சின்ன வயதிலிருந்து காசநோய் என்று சொல்லி யார் யாரோ கொடுத்த மாத்திரைகளை விழுங்கியிருக்கிறாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் கணவன் அவளுடைய அத்தை மகன். உப்பங்கழியில் வலை போடுகிறவன். காலையில் வலையை உதறிவிட்டு வந்து, அவளைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவான். அப்படித் தட்டினால்தான் அன்றைய சளி வெளியே வரும். "அது கையெல்லாம் மீன் வாடைக்கா, சளி தானா பயந்துகினு வந்துடுது" என்பாள்.

அவள் மூக்கிலிருந்து எடுத்த செல்களை டப்பாவில் வளர்த்து, பழுதில்லாத மரபணுவை அவற்றுக்குள் அனுப்பப் பார்க்கிறோம். மரபணு தானாகப் போகாது. நோய் உண்டாக்காதபடி மாற்றிய ஒரு வைரஸில் ஏற்றி அனுப்ப வேண்டும். இதைச் சொன்னபோது, "டெலிவரி பையன் மாரியா?" என்று கேட்டாள். அதேதான். எங்கள் டெலிவரி பையன் பெரும்பாலும் வீடு தெரியாமல் வாசலோடு திரும்பிவிடுகிறான். அவன் சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் அது மருந்தாக அவள் கைக்கு வர இன்னும் எத்தனை காலமோ. அதை அவளிடம் நான் மறைத்ததில்லை. இருந்தாலும் போனில் அவளுடைய முதல் கேள்வி அதுதான்.

"என் டப்பா எப்டி கீதுக்கா?"

"தூங்குது."

"என்ன மாரியே சோம்பேறி."

பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. செங்கல்பட்டில் பிறந்தவுடனே மூச்சுத் திணறி, சில நாள் ஆக்சிஜன் வைத்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதங்கள் போயும் மூக்கடைப்பு விடவில்லை. குழந்தையின் இதயம் இடப்பக்கம்தான், ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. அம்மாவிடமிருந்து பழுதான மரபணு ஒன்று கட்டாயம் வந்திருக்கும். அப்பாவும் அதே குடும்பம். அவனிடமும் ஒன்று மறைந்திருந்து, அதுவும் வந்து சேர்ந்திருந்தால் குழந்தைக்கும் இதே நோய். ரத்தத்தில் பார்த்துச் சொல்ல வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அவள் டப்பாவைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். "இதுக்கும் அந்த நோவு கீதாக்கா?" என்று மட்டும் கேட்பாள். 

குழந்தையின் மூக்கிலிருந்து மெல்லிய பிரஷால் செல்களை எடுத்து, உயிரோடு இருக்கும்போதே பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். கேளம்பாக்கத்தில் ஒரு கிளினிக்கில் எடுத்தார்கள். சாம்பிள் கொண்டுவரும் வேன் அன்று வரவில்லை. "நானே பைக்ல எடுத்தாறேன் மேடம்" என்று கணவன் கிளம்பிவிட்டான். "கெட்டுப்போகாம பத்திரமா கொண்டு வாங்க" என்று போனில் சொன்னேன்.

கொண்டுவந்துவிட்டான். என் மாணவி குப்பியை வாங்கிவந்து ஸ்லைடு தயார் செய்தாள். கண்ணை வைத்துப் பார்த்தேன். முடிகள் வரிசையாக, அழகாக நின்றன. ஒன்றுகூட அசையவில்லை. இடம் மாற்றினேன், இன்னொரு ஸ்லைடு போட்டேன். அதே அசையாத வரிசை. மாணவி என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது.

வெளியே ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"நல்லா வந்துச்சா மேடம்? வெயிலு பேஜாரா கீது. அதான் எறாப் பொட்டில ஐஸ ரொப்பி, நட்ட நடுவுல வெச்சி எடுத்தாந்தேன். எக்ஸ்போர்ட்டு எறாவுக்குக்கூட அவ்ளோ ஐஸ் போட்டதில்ல."

"இன்னாது, ஐஸா?"

அவன் ஊர்ப் பேச்சு என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். குளிரில் நல்ல முடிகளும் அசையாது. இந்தப் பக்கத்து வெயிலில் எங்களுக்கு வரும் சாம்பிளெல்லாம் சுடச்சுடத்தான் வந்து சேரும். ஒன்று ஐஸில் வரும் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை; கையுறை போட்டிருந்த மாணவிக்குக் குப்பியின் குளிர்ச்சியும் உறைக்கவில்லை. கெட்டுப்போகக் கூடாது என்றால் மீன் விற்கிற வீட்டில் வேறென்ன செய்வார்கள்? அவனைத் திட்டிக்கொண்டே உள்ளே ஓடினேன். எதற்குத் திட்டு என்று புரியாமல் அவன், "சாரி மேடம், சாரி மேடம்" என்று கூடவே வந்தான்.

குப்பியை உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பழுதான முடி சூட்டிலும் அசையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் பயமாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ள வெட்கப்படும் அளவுக்குப் பயம்.

மறுபடி பார்த்தேன். ஓரத்தில் ஒரு செல்லின் முடிகள் மட்டும் லேசாக நடுங்கின. பக்கத்துச் செல் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து, வெளுத்து வாங்க ஆரம்பித்தது. இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அழுதேன்.

"மேடம், கண்ணத் தொடச்சிட்டுப் பாருங்க. லென்ஸ் நனையுது" என்றாள் மாணவி. 

அவனை உள்ளே கூப்பிட்டு, கம்ப்யூட்டர் திரையில் காட்டினேன். "இது எம் பொண்ணா?" என்று திரைக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டான். பிறகு மனைவிக்கு வீடியோ கால் போட்டுப் போனைத் திரைக்கு நேராகப் பிடித்தான். அவள் கடையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் பஸ்களின் ஹாரன்.

"கொழந்தைக்கு இது இல்லம்மா. பாரு, எப்டிப் பெருக்குதுன்னு" என்றேன். பின்னால் வந்த ரத்தப் பரிசோதனை முடிவும் அதையேதான் சொன்னது.

அவள் குழந்தைக்குப் படாமல் முகத்தைத் திருப்பி, வெகுநேரம் இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனுக்குள் வந்தாள். கண்ணீரும் சிரிப்புமாக இருந்தாள்.

"அக்கா, என் டப்பாவ இதுக்குப் பக்கத்துல வெய்யுங்களேன். பாத்துக் கத்துக்கட்டும்."

குழந்தையின் மீதிச் செல்களை, அவளைக் கேட்டுக்கொண்டு, ஒரு டப்பாவில் போட்டு வளர்க்க வைத்தோம். நான் அந்தச் சூட்டுப் பெட்டியின் மேல் தட்டிலிருந்து அவளுடைய டப்பாவை எடுத்து, கீழே மகளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஏன் மேடம் எடம் மாத்துறீங்க?" என்றாள் மாணவி.

 இரண்டும் ஒட்டி நிற்கும்படி இன்னும் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் கதவை மூடினேன்.