கோத்தகிரியில் கிரேஸ் கேட்ட கேள்வி

செப்டம்பரில் ஒரு சனி, ஞாயிறு நானும் என் மனைவி கிரேஸும் கோத்தகிரி போய்வந்தோம். வழியும் செலவும் எழுதியிருக்கிறேன். ஆனால் அவளைப் பற்றித்தான் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரேஸின் அண்ணன் தேவராஜுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலை விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டுப்படியாகாத நேரம். “ஒருவாட்டி வந்துட்டுப் போங்க மாப்ள, மனசே சரியில்லை” என்று போன் செய்தார். கிரேஸ் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் மகள் ஜெனி ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்து ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து கிரேஸ் வேதப்புத்தகத்தைத் தொடவில்லை, கோவிலுக்கும் வருவதில்லை. ஜெபமும் பாட்டுமாக இருக்கும் வீடு என்பதாலேயே அண்ணன் வீட்டுக்கும் போகாமல் இருந்தாள். இந்த முறை அவருக்குக் கஷ்டம் என்றதும், அவளே பையை எடுத்து வைத்தாள்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரி பேருந்து. மலைப்பாதை முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். குன்னூர் வழியைவிடக் கூட்டம் குறைவு. வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். (நான் பிடிக்கவில்லை. அந்தக் கதை வேண்டாம்.) கோத்தகிரியிலிருந்து கோடநாடு சாலையில் எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்று ஐம்பது ரூபாய்.

வழியெல்லாம் பறிக்காமல் விட்ட தோட்டங்கள். செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. “ஏனுங்க, இதையெல்லாம் பறிக்கறதில்லீங்களா?” என்று கேட்டேன்.

“பறிச்சா கைக்காசு போகுதுங்க. உட்டா செடி கெட்டுப் போகுதுங்க. என்னத்தைப் பண்றது சொல்லுங்க?” என்றார் ஆட்டோக்காரர்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கூடி வேதம் வாசிப்பார்கள். விலை விழுந்ததிலிருந்து யோபுவின் புத்தகம். அன்று கடைசி அதிகாரம். கிரேஸ் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பத்துப் பிள்ளைகள் உட்பட எல்லாம் இழந்த யோபுவுக்கு ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்ததையும், மறுபடி ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்ததையும் அண்ணன் வாசித்து முடித்தார்.

“அப்ப நமக்கும் இலை விலை டபுளா வரும்னு சொல்லுங்க!” என்றார் இலை வண்டி ஓட்டும் டேவிட். எல்லாரும் சிரித்தார்கள்.

கிரேஸ் டீத்தட்டோடு சமையலறை வாசற்படியில் நின்றாள். “மாடு செத்தா வேற மாடு வாங்கிக்கலாம்ணா. செத்துப்போன அந்தப் பத்துப் புள்ளைங்க என்ன ஆச்சு? அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?”

சிரிப்பு நின்றுவிட்டது. “அவங்க பரலோகத்துல பத்திரமா இருக்காங்க, கண்ணு” என்று ஒரு அம்மா தொடங்கினார்.

“அதை ஆறு வருஷமாக் கேட்டுட்டு இருக்கேனுங்க” என்றாள் கிரேஸ். தட்டைக் கீழே வைத்தாள்.

அண்ணன் சமாளிக்கப் பார்க்கவில்லை. “எனக்குத் தெரியலை புள்ள. நான் இத்தனைவாட்டி படிச்சும் இது தோணுனதில்லை. நீயே முதல்ல இருந்து ஒருக்காப் படிச்சுப் பாரேன்” என்று புத்தகத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு விடியலில் எழுந்து பார்த்தால், அடுப்பருகே போர்வையைப் போர்த்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பல் துலக்கிவிட்டு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, இதைப் பாத்தியா? யோபு புத்தகம் பூராவும் கடவுள்கிட்ட சண்டை போடறான். கூட்டாளிங்க பொறுமையா இரு, பேசாதேன்னு நல்ல நல்ல புத்தி சொல்றாங்க. கடைசீல கடவுளுக்குக் கோவம் வர்றது அந்தப் புத்தி சொன்னவங்க மேலதான். யோபு பேசுனதுதான் சரின்னு அவரே சொல்லிட்டாரு!”

அவளே தொடர்ந்தாள்: “நான் கேட்டதுக்குப் பதில் இதுல இல்லை. ஆனா கேக்கறது தப்பில்லைன்னு இருக்குது.” அவள் முகம் சிவந்திருந்தது. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டியிலெல்லாம் முதலாவதாக வந்தவளாம். அந்தப் பெண்ணை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

ஒன்பது மணி ஆராதனைக்கு எங்களோடு அவளும் நடந்து வந்தாள். அவரவர் அனுபவத்தை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தபோது பெண்கள் பக்கம் ஒருத்தி எழுந்தாள். கிரேஸ்! “எனக்கு ஆறு வருஷமா ஆண்டவர் மேல கோவம். இன்னும் தீரலைங்க. கோவத்தோடயே அவர்கிட்ட வரலாம்னு வேதத்துல இருக்குது. அதனால வந்துட்டேன்.” அவ்வளவுதான் சொன்னாள். டேவிட்தான் முதலில் “ஆமென்” என்றார். அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்துக்கு அவள் முன்னால் போய் முழங்கால் போட்டாள். நான் அவள் பக்கத்தில். என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு பெருமையாக உணர்ந்ததில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மதியத்துக்குள் கோடநாடு காட்சிமுனையைப் பார்த்துவிடுங்கள், பிறகு மூடுபனி இறங்கிவிடும். ஸ்வெட்டர் அவசியம். தேயிலையைச் சின்னத் தோட்டக்காரர்களிடமோ ஃபேக்டரி வாசலிலோ பேரம் பேசாமல் வாங்குங்கள். வீட்டு வாசிப்புக்கு யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள், டீ நன்றாக இருக்கும்.

இலை விலை இன்னும் ஏறவில்லை என்கிறார் அண்ணன். எங்கள் வீட்டில் கிரேஸ் தினமும் காலையில் சத்தமாக வேதம் வாசிக்கிறாள். பிடிபடாத இடத்தில் நிறுத்தி, “இது என்ன நியாயம்?” என்று மேலே பார்த்துக் கேட்கிறாள். முடித்ததும் ஜெனியின் பெயரைச் சொல்லி ஜெபத்தைத் தொடங்குகிறாள். நான் ஆமென் சொல்கிறேன்.