ஊமைப் பியானோவின் முன்னால் லூதர்

முதல் மூன்று படங்களை மிஸ் ஆர்டிலியா பிக்கன்ஸ் பிலிம் போடாமல்தான் எடுப்பார். விளக்கு பளிச்சிடும், காமிரா டக்கென்று சத்தம் போடும், வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். "ஆச்சு, முடிஞ்சுது" என்பார். அவர்கள் தோளைத் தளர்த்தியதும் நாலாவதற்கு பிலிம் போடுவார். சிகாகோவில் எங்கள் நாற்பத்தேழாம் தெருவில் பாதிப் பேருடைய கல்யாணப் படம் இப்படி ஏமாற்றி எடுத்ததுதான். அதற்காக அவர் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஐம்பத்தெட்டு வயது. ஆள் குள்ளம், பால் பெட்டியின்மேல் ஏறி நின்றால்தான் காமிரா எட்டும். யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டார். "காலைல என்ன தின்ன?" என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூடப் போதகரின் மூக்குக்கு எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். எதிர் அறையில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறவள் நான். படமெடுக்க வருகிறவர்களுக்குப் பவுடர் போட என்னைக் கூப்பிடுவார். "வெர்லின், சுண்ணாம்பு அடிக்காதடி, அது மூஞ்சி, செவுரு இல்ல" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார்.

அவர் அறையில் ஒரு பியானோ உண்டு. உள்ளே கம்பியும் கிடையாது, கம்பியைத் தட்டும் சுத்தியலும் கிடையாது. படத்தில் அழகாக இருக்கட்டும் என்று ஏலத்தில் எடுத்த வெறும் கூடு. அழுத்தினால் கட்டைகள் இறங்கும், விட்டால் ஏறும், அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை அதன் முன்னால் லூதர் ஹாஸ்கின்ஸ் வந்து உட்கார்ந்தான். சிகாகோவில் ரேடியோ வைத்திருக்கிற எவருக்கும் அவன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஜாஸ் பாட்டும் அவனே, பியானோவும் அவனே. கறுப்பர்களான எங்களைப் பின்வாசல் வழியாகவே விட்டுப் பழகிய பெரிய ஓட்டல் ஒன்று, ஆறு மாதம் தினமும் பாட அவனைக் கேட்டிருந்தது. வாசலில் மாட்ட ஆளுயரப் படம் வேண்டும், இரண்டு கையும் பியானோமேல் இருக்க வேண்டும் என்று எழுதியனுப்பியிருந்தார்கள்.

"வெர்லின், நெத்தி ஏறிக்கிட்டே போவுது. பவுடர்ல மறைச்சிடு" என்றான்.

"பவுடருக்கு அவ்வளவு சக்தி இல்ல. தொப்பி வாங்கிக்க."

"சத்தம் வரலியேன்னு பாக்காத, நீ பாட்டுக்கு வாசி" என்று சொல்லிவிட்டு, மிஸ் ஆர்டிலியா காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். லூதர் ஊமைப் பியானோவை வாசித்தபடி மெதுவாகப் பாடினான். நான் பவுடர் டப்பாவும் கையுமாகச் சொக்கிப்போய் நின்றேன்.

துணிக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. "எடது கைல ரெண்டு விரல் எறங்கலையே தம்பி."

பாட்டு நின்றது.

"சுண்டு விரலும் பக்கத்து விரலும். கட்ட மேல சும்மா படுத்துக் கெடக்குது."

லூதர் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஈஸ்டர்லேருந்து இப்படித்தான். தூங்கி எந்திரிச்சேன், மரத்துப் போயிருந்துச்சு. ரெண்டே ரெண்டு விரல்தான் மிஸ் ஆர்டி."

"கிளப்புல எப்படிய்யா வாசிக்கிற?" என்றேன் நான்.

"நான் விடுற எடத்தையெல்லாம் பாஸ் வயலின் வாசிக்கிறவன் புடிச்சிக்கிறான். வீட்டுல பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின சனிக்கிழமைதான் அவன் பாட்டுக்குக் கை சிவக்கத் தட்டிவிட்டு வந்திருந்தேன். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. இப்போது அவனே ஊரறியச் சொல்லிவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார் மிஸ் ஆர்டிலியா.

"போனா வாசிக்காதம்பாரு. வியாழக்கிழம ஓட்டல்ல கையெழுத்துப் போடணும். எனக்கு இந்தப் படம் வேணும்."

திட்டித் துரத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ பெட்டியிலிருந்து இறங்கி, பியானோ மூடியைத் தூக்கி, தீப்பெட்டி அட்டையை மடித்து உள்ளே எங்கோ செருகினார். முன்னால் இரண்டு கட்டைகள் தாழ்ந்து அப்படியே நின்றன. லூதரின் அந்த இரண்டு விரல்களையும் எடுத்து, ஒவ்வொன்றாக அவற்றின்மேல் வைத்தார்.

"மிஸ் ஆர்டி, இது அநியாயம்" என்றேன்.

"வாய மூடு வெர்லின். நீ பாடு தம்பி."

பளிச். இந்தத் தடவை பிலிம் இருந்தது. பிறகு அந்தப் படத்தைப் பார்த்தேன். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது, பத்து விரலும் மும்முரமாக வேலை செய்கின்றன. உண்மை தெரிந்த எனக்கே அதைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

மிஸ் ஆர்டிலியா காமிராவிலிருந்து பிலிம் சட்டத்தை உருவித் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார். "படம் நல்லா வரும். ஆஸ்பத்திரில கையக் காட்டு, தரேன். இப்பவே. நானும் வரேன்."

லூதருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊரையே நீங்க ஏமாத்தலாம், நான் ஏமாத்தக் கூடாதாக்கும்?"

"நான் ஏமாத்தி யாரும் செத்ததில்ல. இது பக்கவாதமா இருந்தா, அடுத்தது வெரலோட நிக்காது தம்பி."

லூதர் எழுந்து, வலது கையால் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். மிஸ் ஆர்டிலியா அவன் பக்கத்தில் போய் நின்று, தொங்கிக்கொண்டிருந்த இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். சும்மா பிடிக்கவில்லை, தன் புறங்கை நரம்பு புடைக்க இறுக்கிப் பிடித்திருந்தார்.

லூதர் வெளியே மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, போலாம். படி செங்குத்து, கையக் குடுங்க மிஸ் ஆர்டி" என்று வலது கையை அவர் பக்கம் நீட்டினான்.