கண்ணுச்சாமி பேரில் ஆடிய தவசி

என் தம்பி தவசி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தரை அடிக்கும் குறைந்த உயரத்தோடு மாநிலக் கூடைப்பந்து அணியில் ஆறு ஆண்டு கார்டாக ஆடினான். பந்தை மேலே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன்தான் கார்டு. 1981இல் மூட்டு வீங்கிய காலோடு கோயமுத்தூரில் கோப்பை வாங்கினான். 1984இல் தென்மண்டலப் போட்டியில் சிறந்த கார்டு. கையில் ஒரு விளையாட்டுச் சர்டிபிகேட்கூட இல்லாமல் அரசுத் துறை அணியில் வேலை வாங்கினான். சர்டிபிகேட் ஏன் இல்லை என்பதை எங்கள் ஊர் போடியில் பலர் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. மொக்கச்சாமியின் பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏலக்காய், காப்பி வியாபாரி மொக்கச்சாமியின் சரக்குக் கிட்டங்கியில் நானும் தவசியும் வேலை பார்த்தோம். மலையிலிருந்து வரும் காப்பிக்கொட்டையைச் சிமெண்டுக் களத்தில் காயப்போட்டுக் கிண்டிவிட வேண்டும். அதே களத்தின் இரு முனையிலும் கம்பம் நட்டு, மாலையில் அவருடைய கிளப் கூடைப்பந்து ஆடும். தை, மாசியில் களம் முழுக்கக் கொட்டை கிடக்கும், ஆட்டம் கிடையாது. நாங்கள் நடப்பதற்கு விட்ட ஒடுக்கமான சந்துகளில் தவசி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவான். ஒரு கொட்டை மிதிபட்டாலும் மேஸ்திரி அடிப்பார். பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாமல் தட்ட அவன் பழகியது அப்படித்தான்.

1974இல் மொக்கச்சாமி கூப்பிட்டார்.

"டேய் தவசி, நம்ம கிளப்புக்கு ஆடு. யாரும் கேட்டா கண்ணுச்சாமின்னு சொல்லு. உன் பேரப் பதியிறதுக்கெல்லாம் நேரமில்ல."

கண்ணுச்சாமி அவருடைய மகன். இரண்டு வருஷம் தவசி அந்தப் பெயரில் ஆடினான். கையெழுத்தும் அந்தப் பெயரில்தான். சர்டிபிகேட்டுகள் கண்ணுச்சாமி வீட்டுக்குப் போயின. அவற்றைக் காட்டி அவன் கல்லூரியில் இடம் வாங்கினான். அதோடு அவர்களுக்குத் தவசி தேவைப்படவில்லை. தனக்கும் ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று தவசி கேட்டான்.

"களத்தக் கூட்டுறவனுக்கு அதெதுக்குடா? கூடையில போட்டு வைக்கவா?" என்று மொக்கச்சாமி சிரித்தார்.

நானும் முறத்தோடு அங்கே நின்றேன். அன்றே இரண்டு பேரும் வேலையை விட்டோம்.

"அக்கா, அந்தப் பேர ஏத்துனது நான். நானே எறக்குறேன்" என்றான்.

மதுரைக்குப் போய் லாரியில் லோடு ஏற்றினான். மாலையில் ஒரு கிளப்பில் ஆடினான். 1978 மே மாதம், மொக்கச்சாமி தன் களத்தில் நடத்திய போட்டிக்கு அந்த அணியோடு வந்தான். பதிவு எதுவும் கேட்காத போட்டி. எதிர் அணியில் கார்டு கண்ணுச்சாமி.

கண்ணுச்சாமி பந்தைத் தட்டும்போதெல்லாம் அது தவசி கைக்கு வந்தது. ஆட்டம் பார்க்க வந்த ராசிங்காபுரத்து ஆட்கள் கண்ணுச்சாமியை விடவில்லை.

"மாப்ளே, சர்டிபிகேட்ட எடுத்துக் காட்டு! பயந்து குடுத்துருவான்!"

பாதி ஆட்டத்தில் கண்ணுச்சாமி வெளியே போகக் கை காட்டினான். தவசி கத்தினான்: "அதுக்குள்ள உக்கார வைக்காதீகய்யா. இன்னும் நெறைய இருக்கு!" வீம்புக்கு மகனைக் கடைசிவரை ஆடவிட்டார் மொக்கச்சாமி. இருபத்தேழு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

கோப்பையைக் கொடுக்கும்போது அவருக்குப் பொறுக்கவில்லை. மைக் கையில் இருப்பதையும் மறந்துவிட்டார்.

"ஏண்டா, ஊருக்குள்ள என் மகன் பேரக் கெடுத்துட்டியேடா!"

"ரெண்டு வருசம் அந்தப் பேர நல்லா வச்சிருந்ததே நான்தானய்யா" என்றான் தவசி.

ஒலிபெருக்கியில் கடைத்தெருவரை கேட்டது. விசில் அடங்க வெகுநேரம் ஆனது. எனக்கு வயிறு குளிர்ந்தது. இன்றும் குளிர்ந்தே இருக்கிறது.

ஆட்டம் பார்க்க வந்திருந்த துறை அணியின் பயிற்சியாளர் தவசியிடம் வந்தார்.

"சர்டிபிகேட் இருக்கா தம்பி?"

"இருக்கு சார். இவங்க வீட்ல."

அவர் சிரித்துவிட்டார். "மதுரைக்கு வந்து ஆடிக் காட்டு. அது போதும்."

தேர்வுக்கு நானும் கூடப் போனேன். நெட்டைப் பையன்கள் நடுவே புகுந்து புகுந்து ஆடினான். எடுத்துக்கொண்டார்கள். ஆட்டக்காரர் பதிவுத் தாளை அவன் முன்னே வைத்தார்கள். கைப்பழக்கத்தில் 'க' என்று தொடங்கிவிட்டான். அதை அழுத்தி அடித்துவிட்டு, பக்கத்தில் தவசி என்று எழுதினான். 1978 ஜூன் 12, திங்கட்கிழமை.