தேவகனியின் நாற்பது பிடி

மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, உரிக்கத் தேவகனிக்குக் கண் வேண்டாம், கை போதும். கத்தி முனையால் நீளத்துக்கு ஒரு கீறல், கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு நெம்பு. தோல் முழுசாகக் கழன்று மடியில் விழும். கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடு நரம்பை உருவி எறிந்து, துண்டுகளைத் தண்ணீரில் போடுவாள். அடுத்த கிழங்கு. இதற்கிடையில் பேச்சும் நடக்கும், அடுப்பில் விறகும் தள்ளப்படும். எந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சுகிறது என்றும் திரும்பாமலே சொல்வாள்.

"ஏட்டி, மூக்கச் சிந்திட்டு வந்து உக்காரு. கிழங்குக்கு உப்பு நான் இடுவேன், நீ இடண்டாம்."

கருங்கலுக்கு மேற்கே மிஷன் நடத்திய பெண்பிள்ளைகள் போர்டிங் அது. பிள்ளைகள் நாற்பது பேர். நாடு குடியரசான வருஷம் தேவகனி அங்கே சமையலுக்கு வந்தாள். ஊர் திருவட்டாறு. புருஷன் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவன், மலைக்காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை கிடையாது. ஒரு தகரப்பெட்டியும் ஒரு மண்கலயமும் கொண்டு வந்தாள். பெட்டியில் சேலை. கலயம் பிடியரிசிக்கு.

பிடியரிசி என்றால் அந்தப் பக்கத்துச் சபைக் குடும்பங்களில் விளக்க வேண்டியதில்லை. சோற்றுக்கு அரிசி அளக்கும்போது முதலில் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் போடுவார்கள். அது சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமையோ அறுப்பின் பண்டிகைக்கோ சபைக்குப் போகும். சபை அதை ஆதரவில்லாத கிழவிகளுக்குக் கொடுக்கும். வீட்டில் அரிசி குறைந்தாலும் பிடி குறையாது. தேவகனியின் அம்மை காய்ச்சலில் கிடந்தபோதுகூட மகளைக் கூப்பிட்டு, "பிடி எடுத்தியா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

போர்டிங்கில் இரண்டு வருஷமாக அந்தக் கலயம் காலியாகக் கிடந்தது. ரேஷன் அரிசி போர்டிங்குக்குக் கிடைக்கவே இல்லை. எல்லா நாளும் மரச்சீனி. கிழங்கில் எப்படிப் பிடி எடுப்பது? அறுப்பின் பண்டிகைக்கு மற்றப் பெண்கள் கலயத்தைச் சுமந்து வரும்போது, தேவகனி வெறுங்கையோடு பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போவாள். அது அவளுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வருஷங்களை இப்போது நினைத்தால் எல்லாம் திட்டமாகவே இருந்ததாகத் தோன்றுகிறது. ஐந்தாண்டுத் திட்டம் என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. புதிய சர்க்கார் விஞ்ஞானத்தைக் கொண்டு முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பிள்ளைகள் அடுக்களையில் உட்கார்ந்து அதற்கு அடித்துக்கொண்டன. ஒருத்தி மின்சாரம் என்றாள். இன்னொருத்தி பெரிய அணை என்றாள். மண்டைக்காட்டுக்காரி ஒருத்தி, தங்கள் கடற்கரைக் கறுப்பு மண்ணில் பெரிய அணுசக்தி இருப்பதாகவும் அதை எடுத்தால் உலகமே நம் காலில் விழும் என்றும் சொன்னாள்.

"மண்ணில இருந்து சக்தி எடுக்கப் போறாவளா?" என்றாள் தேவகனி. "எடுக்கட்டும். மொதல்ல அந்தக் கொசுவக் கொல்லச் சொல்லு. பெறவு சோறு. உனக்க மண்ணு எங்கயும் ஓடிராது."

கொசுவுக்கு மருந்தடிக்கிறவர்கள் சீக்கிரமே வந்தார்கள். சோறும் ஒரு நாள் லாரியில் வந்தது.

சோற்றைக் கொண்டு வந்தவர் கிருஷ்ணமணி. நாகர்கோவில்காரர், சுகாதார இலாகாவில் உணவுப் பிரிவு அதிகாரி, இன்னும் கல்யாணம் ஆகாத இளவயசு. மூட்டையை அவிழ்த்து ஒரு கை அள்ளிக் காட்டினார். வெள்ளையாக, ஒரே நீளமாக, மணிமணியாக இருந்தது.

"இது என்ன சாரே, பாசிமணியா?"

"அரிசியம்மா. ஆய்வுக்கூடத்தில செஞ்ச அரிசி. மரச்சீனி மாவு, நிலக்கடலை மாவு, கொஞ்சம் கோதுமை. மெஷின்ல பிழிஞ்சு, அரிசி அளவுக்கே அறுத்து எடுத்தது."

"கிழங்குக்குச் சட்டை இட்டுவிட்டா அரிசி ஆயிருமா?"

"ஆகும். இது அரிசிதான்."

"அரிசி மாதிரி செய்யத் தெரிஞ்ச சர்க்காருக்கு அரிசிய விளைவிக்கத் தெரியலியாக்கும்?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. கிருஷ்ணமணி கோபப்படவில்லை. "அதுக்கும் திட்டம் இருக்கு அம்மா. அணை கட்டணும், உரம் செய்யணும். எல்லாத்துக்கும் வருஷம் ஆகும். அதுவரைக்கும் பிள்ளைக்க வயிறு காத்திருக்குமா? அதான் முதல்ல இது."

அந்தப் பதில் தேவகனிக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் எது என்று தெரிந்த ஆள்.

ஆனால் மூட்டைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. போர்டிங்கின் பொறுப்பாளர் நேசபாய் அதைத் தேவகனியிடம் மறைக்கவில்லை. நேசபாய் முன்னே மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"தேவகனி, இது சோதனையாக்கும். மாசாமாசம் பிள்ளையள நிறுத்துப் பாப்பாவ. எடை கூடினா இந்த அரிசி தொடந்து வரும். கூடலன்னா வராது. மிஷன்ல காசு இல்ல. பாதிப் பிள்ளையள வீட்டுக்கு அனுப்பணும்னு எழுத்து வந்தாச்சு."

வீட்டுக்குப் போன பெண்பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வராது. இருவருக்கும் அது தெரியும்.

"எடைதானே?" என்றாள் தேவகனி. "கூட்டிக் காட்டுதேன்."

முதல் நாள் அதைப் பச்சைத்தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டாள். கரண்டியைக் குத்தினால் நிமிர்ந்து நிற்கிற களியாக வந்தது. மறுநாள் கிருஷ்ணமணி சொன்னபடி கொதிக்கிற தண்ணீரில் இட்டு, சடுதியில் வடித்தாள். சோறு சோறாகவே வந்தது. கடலை வாசம் கொஞ்சம் அடித்தது. மீன்குழம்பு அதை அடக்கிவிட்டது. கிருஷ்ணமணி வரும்போதெல்லாம், "அரிசி எப்படி இருக்கு?" என்றே கேட்பார். மாவு என்றோ மணி என்றோ யாராவது சொன்னால் திருத்துவார். அரிசி என்று மனசு ஏற்றுக்கொண்டால்தான் ஜனங்கள் மதித்துத் தின்பார்கள் என்று மேலே இருந்தவர்கள் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தேவகனி மதித்தாள். பிள்ளைகளும் தின்றன. மூன்று மாதம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் முற்றத்துப் பலாமரத்தடியில் மூன்றாவது தடவையாக எடை பார்த்தார்கள். தராசு கருங்கல் சந்தையில் கொப்பரை நிறுக்கிற பெரிய பலகைத் தராசு. வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்தது. ஒவ்வொரு பிள்ளையாக ஏறி உட்கார, கிருஷ்ணமணியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"மத்த போர்டிங்கில எல்லாம் கூடியிருக்கு சிஸ்டர். இங்க மட்டும் மூணு மாசமா அசையல. பிள்ளையளுக்கு வயித்தில பூச்சி இருக்குமா?"

"பூச்சி மருந்து ரெண்டு தடவ குடுத்தாச்சு. எனக்க பிள்ளையளுக்குப் பூச்சியும் இல்ல, சொறியும் இல்ல. உம்ம தராசப் பாரும்."

"யாவாரி தராசு சிஸ்டர், பொய் சொல்லாது."

"யாவாரி தராசு எந்தப் பக்கம் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் சிரிக்கவில்லை. "நான் உள்ளதைத்தான் எழுத முடியும். எழுதினா மூட்டை நின்னு போகும்."

அடுக்களை வாசலில் நின்ற தேவகனிக்கு அது கேட்டது. முந்தானையால் கையைத் துடைத்தாள். பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கையன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். சபையில் டீக்கன் அவர். பிடியரிசியை வாங்கிப் பங்கு போடுவது அவர் பொறுப்பு. கையில் ஒரு துணிப்பை. வந்த வேகத்தில் பையைப் பலாமரத்தடித் திண்டில் கவிழ்த்தார். வெள்ளை மணிகள் குவிந்தன.

"இது யாருக்க வேலை? பண்டிகைக்கு உங்க போர்டிங்கில இருந்து வந்த சாக்குதான். கிழவியளுக்குப் பங்கு போட்டுக் குடுத்தேன். காலம்பற எல்லாரும் எனக்க வாசல்ல வந்து நிக்காளுவ. கஞ்சி காய்ச்சினா பசையா வருதாம். ஒருத்திக்குப் பொக்கை வாயே ஒட்டிப்போச்சாம். கோயில் ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டத்தான் கொள்ளாம்!"

"ஐயோ, அண்ணாச்சி!" என்று தேவகனி முற்றத்துக்கு வந்தாள். "கொதிக்க வெள்ளத்தில இடணும்னு சொல்ல மறந்துட்டேனே!"

அவளுக்கு அந்தத் தப்பு மட்டும்தான் தெரிந்தது. நேசபாய்க்கு மற்றது எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. அவள் தராசுப் பலகையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு எடுத்தீங்க?" என்றார் கிருஷ்ணமணி.

"பிள்ளைக்கு ஒரு பிடி."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"அடுப்பில ஏத்தும்போதெல்லாம்."

"நாப்பது பிடியா!" நேசபாயின் குரல் உயர்ந்தது. "பானைக்கு ஒரு பிடிதானட்டி எடுப்பாவ?"

"பானைக்கு ஒண்ணு இல்ல நர்சம்மா, வீட்டுக்கு ஒண்ணு. நாப்பது பிள்ளையளும் நாப்பது வீடாக்கும். அதுகளுக்க அம்மைமாரு இங்க இல்ல. எடுக்கதுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?"

"யாரு சொல்லி எடுத்த?"

"அரிசி அளந்தா பிடி எடுக்கணும்னு ஒருத்தர் சொல்லணுமா? ரெண்டு வருசக் குறை வேற கெடந்தது. பிள்ளையள நான் பட்டினி போட்டனா? குறைஞ்சதுக்கு மரச்சீனி அவிச்சு வெச்சேன். பசிக்குதுன்னு ஒண்ணாவது சொல்லிச்சா, கேளுங்க."

ஒரு பிள்ளையும் சொல்லவில்லை என்பது உண்மை. வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு. கடலைச் சத்து பிடிபிடியாகச் சாக்குக்குள் போயிற்று. பிள்ளைகளின் வயிற்றுக்குப் பழைய கிழங்குதான் போயிற்று. நேசபாய் இதைத் தேவகனிக்கு நாலே வார்த்தையில் சொன்னாள். தேவகனி கேட்டுக்கொண்டாள். அழவில்லை. முகம் மட்டும் கறுத்தது.

கிருஷ்ணமணி திண்டில் கிடந்த மணிகளை அள்ளித் திரும்பப் பையில் போட்டார். "சோதனை தவறிப்போச்சு, முதல்ல இருந்து நடத்தணும்னு மேல எழுதிப் பாக்கேன். ஒத்துக்கிடுவாங்க. ஆனா இனிமே ஒரு பிடி வெளிய போகக் கூடாது. போனா பிள்ளையள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

தேவகனி பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அரிசின்னா பிடி எடுக்காம எனக்கு அடுப்பில ஏத்த வராது சாரே. எனக்க அம்மை அப்படிப் பழக்கல்ல. இது அரிசி இல்லன்னு நீரே சொல்லும். பெறவு எடுக்க மாட்டேன்."

கிருஷ்ணமணி கையிலிருந்த பையைத் திண்டில் வைத்தார். மூன்று மாதமாக அடுக்களை அடுக்களையாகப் போய் அரிசி, அரிசி என்று ஓதினவர் அவர். அதைத்தான் ஊர் முழுக்க நிலைநாட்ட வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். இங்கே ஒருத்தி அதை ஊரில் யாரும் நம்பாத அளவுக்கு நம்பிவிட்டாள்.

"சொல்லும் சாரே," என்றார் தங்கையன். "சொன்னா எனக்கும் நிம்மதி. கிழவியளுட்ட போய்ச் சொல்லிருவேன்."

"சொல்லிப்போடும்," என்றாள் நேசபாய். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தராசில் கடைசியாக ஏறின சின்னப்பிள்ளை இறங்கச் சொல்லி யாரும் சொல்லாததால் அங்கேயே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிருஷ்ணமணி அதைப் பார்த்தபடியே சொன்னார்: "அரிசி இல்லம்மா. மரச்சீனிதான்."

"கேட்டீரா அண்ணாச்சி?"

"கேட்டேன்."

"பின்ன செரி," என்றாள் தேவகனி. அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சோதனை மறுபடி நடந்தது. எடை கூடியது, ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை. கட்டுரையில் மின்சாரம் என்று எழுதினவள் டீச்சர் ஆனாள். மண்டைக்காட்டுக்காரி ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். அந்த ஆய்வுக்கூட அரிசி மட்டும் ஊரில் தங்கவில்லை. கடைகளில் நெல்லரிசி கிடைக்கத் தொடங்கியதும் அதைக் கேட்பாரில்லை. எங்கள் பக்கம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம், கடைசி மூட்டையின் சாக்கைத் தேவகனி அடுக்களையில் கால் துடைக்கப் போட்டிருந்தாள். கிருஷ்ணமணியும் எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். இருந்தாலும், சர்க்கார் பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்து ஒரு சாமானைச் செய்து, உடம்பு தேறியதா என்று மாசாமாசம் ஆளனுப்பிக் கேட்ட காலம் அது. இன்று அப்படி யார் வந்து கேட்கிறார்கள்?

அதெல்லாம் பின்னால். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு. தேவகனி விடியும்போதே எழுந்து பானையில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். நேசபாய் அளந்து கொடுத்ததை முழுக்கப் பானையில் கொட்டினாள். இடையில் அவள் வலதுகை தன்பாட்டுக்கு ஒரு பிடி எடுத்துக் கலயத்தின் பக்கம் போயிற்று. பாதியில் நின்று, திரும்பிப் பானைக்கே வந்தது. வடித்து, மூடிவைத்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் பின்னால் போனாள். அங்கே கழிவுநீர் பாய்கிற இடத்தில் அவள் தன் கையால் நட்ட மரச்சீனி நின்றது. மூடு மூடாகச் செடியைப் பிடுங்கி, கிழங்கை ஒடித்து, மண் போகக் கழுவிக் கூடையில் அடுக்கினாள்.

ஆராதனைக்கு மணி அடித்தது. மற்றப் பெண்கள் பிடியரிசிக் கலயங்களோடு வரிசையில் நின்றார்கள். தேவகனி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, நாற்பது பிள்ளைகளும் பின்னால் வர, நடுவில் போய் நின்றாள். முறை வந்ததும் கூடையை இறக்கித் தங்கையனின் மேசைமேல் வைத்தாள். மேசை ஆடியது.

"இது என்னட்டி?"

"கிழங்கு அண்ணாச்சி. நாப்பது வீட்டுக்கும் சேத்து. அவிக்கும்போது மொதல் வெள்ளத்த ஊத்திக் களையணும். கிழவியளுட்ட மறக்காம சொல்லிரும்."

சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பாயில் வரிசையாக உட்கார வைக்கப் போனாள்.